மருந்து ஏன் மலையேறி வரவில்லை?

நவம்பர் 2, காலை 9.15. குன்னூர் வாசகரின் கேள்வி

என் மாமியாருக்குக் கணையத்தில் நியூரோஎண்டோகிரைன் கட்டி, அதாவது ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் கட்டி, என்று சொல்லிவிட்டார்கள். கட்டியைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்க ஊசி ஒன்று இருக்கிறதாம். எலிக்குக் கொடுத்தோம், கட்டி சுருங்கியது என்று நான் காலேஜ் படிக்கும்போதே பேப்பரில் வந்த சங்கதி இது. இன்னமும் கீழே இறங்கிக் கோவைக்கோ வேலூருக்கோதான் ஓடவேண்டியிருக்கிறது. ஊட்டிப் பக்கம் முத்தோரையில் 1970-லேயே 530 மீட்டர் நீளத்துக்கு ரேடியோ தொலைநோக்கி வைக்க முடிந்தது, ஊட்டிக்கு மெடிக்கல் காலேஜும் வந்தாயிற்று, ஒரு ஊசியை மேலே கொண்டுவர என்ன கஷ்டம்? ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு நோயாளிமேல் அக்கறை இல்லை, அவ்வளவுதான்.

நவம்பர் 2, இரவு 10.40

அக்கறை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். கோவையில் ஒரு மருத்துவமனையின் நியூக்ளியர் மெடிசின் பிரிவில் 11 வருடம் டெக்னாலஜிஸ்டாக வேலை பார்த்தேன், பெரும்பாலும் கதிரியக்க மருந்து கலக்கும் ஹாட் லேபில். சொந்த ஊர் கோத்தகிரி. என் அம்மாவுக்கும் இதே வகைக் கட்டிதான், சிறுகுடலில் தொடங்கிக் கல்லீரலுக்குப் போயிருந்தது. இரண்டு பக்கமும் நின்று பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

அந்த ஊசியில் இருப்பது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சின்னப் பெப்டைடு, டோட்டாடேட் என்பார்கள். இந்தக் கட்டிகளின் செல்களில் சொமாட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பிகள் மற்ற இடங்களைவிட மிக அதிகம். பெப்டைடு அதில் போய் ஒட்டும், செல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். பெப்டைடோடு டோட்டா என்கிற கூடு ஒன்றைக் கோத்திருப்பார்கள், கூட்டுக்குள் ஓர் உலோக அணு. படம் எடுக்க வேண்டுமானால் கேலியம்-68, கட்டியைச் சுட வேண்டுமானால் லுடீசியம்-177. லுடீசியத்தின் பீட்டா துகள் திசுவுக்குள் அதிகபட்சம் 2 மில்லிமீட்டர் போகும், அதனால் பக்கத்துச் சதைக்குச் சேதம் குறைவு. கூடவே கொஞ்சம் காமாக் கதிரும் வருவதால் ஊசி போட்டபின் கேமராவுக்குக் கீழே படுக்கவைத்து, மருந்து எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

இப்போது நம் ரோட்டுக்கு வாருங்கள். கோவையிலிருந்து ஊட்டிக்கு 3 மணி நேரம் வைத்துக்கொள்வோம். கேலியம்-68-இன் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், 68 நிமிடம். கோவை காந்திபுரத்தில் ஏற்றினால் ஊட்டி சேரிங்கிராஸில் இறக்கும்போது ஆறில் ஒரு பங்குதான் மிச்சம். சாதாரண பெட் ஸ்கேனுக்குப் போடும் ஃபுளோரின்-18-க்கு 110 நிமிடம், அதில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். லுடீசியம் அப்படி இல்லை, ஒரு வாரம் தாங்கும். மும்பை டிராம்பேயில் துருவா அணு உலையில் செய்து, விமானத்தில் வருகிற பொருள் அது. அவ்வளவு தூரம் வந்தது இன்னும் 85 கிலோமீட்டர் ஏறிவர முடியாதா என்றால், முடியும். ஊட்டியில் ஒரு லுடீசியம் வார்டு வரவேண்டும் என்றுதான் நானும் சொல்வேன்.

நவம்பர் 3, காலை 6.50

ராத்திரி எழுதியதில் ஒரு திருத்தம். "ஒரு வாரம் தாங்கும்" என்றது தப்பு. அரை ஆயுள் 6.65 நாள், அதாவது ஒவ்வொரு நாளும் இருந்ததில் பத்தில் ஒரு பங்கு போய்க்கொண்டே இருக்கும். 200 மில்லிகியூரி கதிரியக்கம் கொடுக்கவேண்டிய இடத்தில் இரண்டு நாள் தாமதமானால் 162-தான் கையில் இருக்கும். ஃப்ரிட்ஜில் வைத்தாலும் அதே கணக்குதான்.

இன்னொன்று. ஒரு வாசகி தனிமடலில், அப்படியானால் நோயாளி உடம்பில் வாரக்கணக்கில் கதிர்வீச்சு இருக்குமா என்று பயந்து கேட்டிருக்கிறார். கட்டியில் ஒட்டியது இருக்கும், மற்றது நிற்காது. முதல் 24 மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் சிறுநீரில் வெளியேறிவிடும். அம்மா முதல் ஊசி போட்டு வந்தபோது தம்பி பையனை ஒரு வாரம் மடியில் ஏற்றவில்லை, தனிப் படுக்கை. கோத்தகிரிக் குளிரில் பாட்டியின் கம்பளிக்குள் புகுந்தே தூங்கிப் பழகியவன், கதவருகே தலையணையோடு நின்று "இன்னும் எத்தனை நாள் பாட்டி?" என்று தினமும் கேட்டான். அம்மா விரல் விட்டுக் காட்டுவார். அந்த வீட்டில் அரை ஆயுள் என்பதை முதலில் புரிந்துகொண்டது அவன்தான்.

நவம்பர் 4, இரவு 11.20

"எலிக்குக் கொடுத்து இத்தனை வருடம் ஆகியும்" என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். நான் டிப்ளமோ படித்தபோது எனக்கும் இதே எரிச்சல் இருந்தது.

சொமாட்டோஸ்டாட்டின் என்கிற ஹார்மோனை 1973-இல் கண்டுபிடித்தார்கள், ரோஜர் கியமான் குழு. 14 அமினோ அமிலங்கள், ரத்தத்தில் இரண்டு மூன்று நிமிடத்தில் உடைந்துபோகும். அதை மருந்தாக வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் சாண்டோஸ் ஆய்வகத்தில் அதைச் சுருக்கி, 8 அமினோ அமிலத்தில், சீக்கிரம் உடையாத ஆக்ட்ரியோடைடு செய்தார்கள், அது 1982. அதில் கதிரியக்க அயோடினை ஏற்றி மனிதர் உடம்பில் கட்டியைப் படமாகப் பார்த்தது நெதர்லாந்தின் ராட்டர்டாமில், எரிக் கிரென்னிங் குழு, 1989. லுடீசியம் ஏற்றிய டோட்டாடேட்டை அதே ராட்டர்டாமில் 2000 வாக்கில் நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். நெட்டர்-1 என்ற பெரிய ஒப்பீட்டு ஆய்வு 2017-இல் வெளியானது: 20 மாதம் கழித்து நோய் முற்றாமல் இருந்தவர்கள் லுடீசியம் பக்கம் 65 சதவீதம், ஆக்ட்ரியோடைடு மட்டும் கொடுத்த பக்கம் 11 சதவீதம். அமெரிக்க அனுமதி 2018 ஜனவரி. கூட்டிப் பார்த்தால் 45 வருடம்.

இதில் வீணாகப் போன வருடங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சிறுநீரக விஷயத்தைக் கொஞ்சம் பாருங்கள். லுடீசியத்துக்கு முன் இட்ரியம்-90 ஏற்றித்தான் கொடுத்தார்கள். பெப்டைடு சிறுநீரகத்தில் வடிகட்டப்படும்போது அங்கிருக்கும் குழாய்ச் செல்கள் அதில் ஒரு பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், கதிரியக்கமும் அங்கேயே தங்கிவிடும். ஆரம்பத்தில் பாதுகாப்பில்லாமல் ஊசி போட்டுக்கொண்ட சிலருக்குக் கட்டி சுருங்கியது, ஒரு வருடத்துக்கும் மேலே கழித்து சிறுநீரகம் கெட்டது. சில வாரத்தில் முடிந்துபோகிற எலிப் பரிசோதனையில் இது எப்படித் தெரியவரும்? அப்புறம்தான் லைசினும் ஆர்ஜினினும் கலந்த அமினோ அமில டிரிப்பைக் கூடவே ஏற்றினால் சிறுநீரகம் உறிஞ்சுவது குறையும் என்று பிடித்தார்கள். அந்த டிரிப் குமட்டும், பலர் வாந்தி எடுப்பார்கள், அம்மாவும் எடுத்தார். ஆனாலும் அந்த டிரிப் ஓடாமல் லுடீசியத்தைத் தொட நான் விடமாட்டேன்.

ஒன்று சேர்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க அனுமதிக்குக் காத்திருக்காமல் அதற்குப் பல வருடம் முன்பே இந்தியாவில் இதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், காரணம் துருவாவில் லுடீசியம் நம் கையிலேயே இருந்தது. இதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே பெருமைதான்.

நவம்பர் 6, மாலை 7.05

ஹாட் லேபில் என்ன நடக்கும் என்று இருவர் கேட்டிருந்தார்கள். மனதில் கிடக்கிற ஒரு நாளைச் சொல்லிவிடுகிறேன், எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள்.

பெட்டி வந்துவிட்டது. மஞ்சள் லேபிள், மூன்று இதழ்ச் சின்னம். உள்ளே ஈயக் குடுவை, தூக்கினால் தோள்பட்டை இறங்கும். அதற்குள் ஒரு குப்பி, குப்பியின் அடியில் ஒரு மில்லிலிட்டர்கூடத் தேறாத, பச்சைத் தண்ணீர் போலத் தெளிவான திரவம். நாலு பேருக்கான லுடீசியம் அதுதான். ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, பெப்டைடும், அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் பஃபரும் சேர்த்து, அமிலத்தன்மை (பி.எச்.) 4.5-க்கும் 5-க்கும் நடுவே நிற்கிறதா பார்த்து, 95 டிகிரியில் அரைமணி சூடாக்கவேண்டும். ஆறியதும் ஒரு துளியைக் காகிதப் பட்டையில் வைத்து ஓடவிட்டு, எவ்வளவு லுடீசியம் பெப்டைடில் ஏறியது, எவ்வளவு ஏறாமல் சும்மா கிடக்கிறது என்று எண்ணுவோம். 95 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. ஏறாத லுடீசியம் எலும்பில் போய் உட்காரும்.

அன்றைக்கு 88 வந்தது. புதுப் பட்டை எடுத்து மறுபடி ஓட்டினேன், 88-தான்.

வெளியே நாலு பேர். நேரம் மிச்சம் பிடிக்கலாம் என்று எங்கள் ஆட்கள் சோதனை முடிவதற்குள் அமினோ அமில டிரிப்பை ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். அது எங்கள் தப்பு. அதில் ஒருவர் கீழ்க்கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டுக்காரர், அறுபதைத் தாண்டியவர், அதிகாலை 3 மணிக்கு ஜீப் பிடித்து மேட்டுப்பாளையம் இறங்கி வந்தவர். ஊர்க்காரி என்று நான்தான் போய்ச் சொன்னேன். வாந்தித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவர், "ஏம்மா, காலையில மேட்டுப்பாளையத்துல ஒரு டீ குடிச்சேன், அதனாலயா?" என்றார்.

இல்லைங்க ஐயா, மருந்து சரியாகச் சேரவில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

காரணம் பிற்பாடு தெரிந்தது. பஃபருக்கான உப்பை யாரோ இரும்புக் கரண்டியால் எடுத்து எடை போட்டிருந்தார்கள். குப்பியில் இருக்கும் மொத்த லுடீசியமே மைக்ரோகிராம் கணக்கு, ஒட்டிவந்த இரும்புத் துணுக்கு போய் டோட்டாவின் கூடுகளை நிரப்பிவிட்டது. ஆய்வகத்தில் இப்படி ஆனால் கொட்டிவிட்டு நாளைக்குத் திரும்பச் செய்வார்கள். இங்கே அந்த வார லுடீசியம் போச்சு, அடுத்த பெட்டி எப்போது வரும் என்று பார்த்திருக்கவேண்டும், அவ்வளவு தூரம் மலை இறங்கிவந்த மனிதர் ஒன்றும் ஏறாமல் திரும்பப் போகவேண்டும். நோட்டில் 88 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு பட்டை முடிவு வராமல் எந்த டிரிப்பையும் ஆரம்பிக்க விட்டதில்லை, பிளாஸ்டிக் கரண்டி தவிர வேறெதையும் அந்த அறைக்குள் விட்டதில்லை.

நவம்பர் 7, காலை 8.30

அவருக்கு என்ன ஆனது என்று கேட்கிறவர்களுக்கு: இரண்டு வாரம் கழித்து வந்தார், ஊசி ஏறியது. ஆனால் அன்றைக்கும் ஒரு சிக்கல். வீட்டுக்குப் போனதும் தனிக் கழிப்பறை, இரண்டு தடவை தண்ணீர் ஊற்றவேண்டும் என்று அச்சடித்த தாளைக் கையில் கொடுத்தோம். லைன் வீட்டில் ஏது தனிக் கழிப்பறை? ஆறு குடும்பத்துக்கு ஒன்று. தண்ணீரும் காலையில் ஒரு மணி நேரம். அவர் சொல்லவும் இல்லை, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மகள் சொல்லித்தான் தெரிந்தது. டாக்டர் கூடுதலாக ஒரு நாள் வார்டிலேயே வைத்துக்கொண்டார். மருத்துவமனையில் அந்தச் சிறுநீர் தனித் தொட்டிக்குப் போகும், கதிரியக்கம் அடங்கும்வரை அங்கேயே நிற்கும், அப்புறம்தான் சாக்கடை. ஒரு படுக்கை ஒரு நாள் கூடுதலாக அடைபட்டது, அவ்வளவுதான் செலவு. அந்தத் தாளில் இப்போதும் அதே வாசகம்தான் இருக்கிறதென்றால் யாராவது மாற்றச் சொல்லுங்கள்.

நவம்பர் 10, இரவு 12.15

இங்கே மழை விடவில்லை, கரண்ட் இப்போதுதான் வந்தது. ஊட்டியில் வார்டு வேண்டும் என்று முதல் நாள் எழுதியதை ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்லமாட்டேன்.

அம்மாவுக்கு முகம் சிவக்கும். திடீரென்று கழுத்திலிருந்து மேலே ஏறும், சில நிமிடத்தில் அடங்கிவிடும். கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும்போது வரும், சாப்பிடும்போது வரும். எங்கள் ஊரில் முகம் சிவந்தால் பனிக்காற்று அடித்தது என்போம். வயதானால் வரும் உடல்சூடு என்றார்கள். நாளுக்கு நாலைந்து தடவை பேதி, அதற்குக் குடல் கோளாறு என்று மாத்திரை. மூன்று வருடம். அந்த மூன்று வருடமும் நான் கீழே ஹாட் லேபில் இதே நோய்க்கு மருந்து கலந்துகொண்டிருந்தேன். நோயாளிகளின் சீட்டில் "முகம் சிவத்தல், பேதி" என்று வாரம் ஒரு தடவையாவது படித்தேன். பொங்கலுக்கு வீட்டுக்குப் போய் அம்மா முகத்தைப் பார்த்து, "வெயில்ல ரொம்ப நிக்காதேம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கடைசியில் கண்டுபிடித்தது வயிற்று ஸ்கேனில் கல்லீரலில் புள்ளிகள் தெரிந்தபோது. 24 மணி நேரச் சிறுநீரில் ஒரு பரிசோதனை உண்டு, 5-எச்.ஐ.ஏ.ஏ. என்று, கட்டி சுரக்கும் செரடோனின் உடைந்து வரும் பொருளை அளப்பது. மூன்று நாள் முன்பிருந்து வாழைப்பழம், தக்காளி, அன்னாசி நிறுத்தவேண்டும், ஒரு கேனில் பிடித்துக் கொடுக்கவேண்டும். கோத்தகிரியில் பிடித்துக் கீழே அனுப்பலாம், மலை இறங்க மனிதர்கூடத் தேவையில்லை. அதை முதல் வருடமே யாராவது கேட்டிருந்தால்!

ஆகவே மருந்து மேலே வராதது இரண்டாவது பிரச்சினை. வார்டு என்றால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம், தடுப்புச் சுவர், கழிவுத் தொட்டி, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் எல்லாம் வேண்டும். பணம் இருந்தால் இவை வரும். ஆனால் 2011 கணக்கில் ஏழரை லட்சம் பேர்கூட இல்லாத மாவட்டத்தில், அபூர்வமான இந்தக் கட்டிக்கு, எத்தனை நாள் அந்த ஹாட் லேபில் வேலை இருக்கும்? மாதத்துக்கு ஒரு தடவை கலக்கிறவள் கையில் 88 வரும் வாய்ப்பு அதிகம், இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

மேலே வரவேண்டியது சந்தேகப்படத் தெரிந்த டாக்டரும் ஒரு காமா கேமராவும். டெக்னீஷியம்-99எம் என்ற ஐசோடோப்புக்கு அரை ஆயுள் 6 மணி நேரம், கோவையிலிருந்து ஏறிவந்தாலும் 70 சதவீதம் இருக்கும். அதைவிட, அதைக் கறந்தெடுக்கும், ஜெனரேட்டர் என்கிற குடுவையையே வாரம் ஒன்று கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம், உள்ளே சிதைந்து டெக்னீஷியத்தைத் தரும் மாலிப்டினத்துக்கு அரை ஆயுள் 66 மணி நேரம். தைராய்டு, எலும்பு, இதயம், சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் அதே கேமரா உழைக்கும், சும்மா கிடக்காது. ஹைனிக்-டாக் என்ற பெப்டைடில் டெக்னீஷியத்தை ஏற்றி இந்தக் கட்டிகளையும் பார்க்கலாம். கேலியம் பெட் அளவுக்குத் துல்லியம் கிடையாது, சின்னப் புள்ளிகள் தப்பும். ஆனால் அம்மாவின் கல்லீரலில் இருந்தது சின்னப் புள்ளி இல்லை.

நவம்பர் 11, மதியம் 1.40

குன்னூர் நண்பர் கோபமாக எழுதியிருக்கிறார்: நாய்க்கடி ஊசிக்கு ஒரு காலத்தில் எல்லோரும் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டுக்கு ரயிலேறி வந்தார்கள், இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போடுகிறார்கள், இது மட்டும் ஏன் அப்படி ஆகாது என்று. நல்ல உதாரணம்தான். அங்கே 1907-இல் தொடங்கியது. ஆட்டு மூளையில் செய்து தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டதெல்லாம் பழைய கதை. செல் வளர்ப்புத் தடுப்பூசி வந்து, 2 முதல் 8 டிகிரியில் மாதக்கணக்கில் வைக்கலாம் என்று ஆனபிறகே அது ஊர் ஊராகப் போனது. லுடீசியத்துக்கு அந்தக் கதவு திறக்காது.

திறக்கக்கூடிய கதவு வேறு. பெரிய ஆலையில் கலந்து, சோதித்து, நேரம் குறித்து முத்திரை வைத்து வரும் தயார் குப்பிகள் வெளிநாட்டில் வழக்கத்துக்கு வந்துவிட்டன. அது மலிவாக இங்கே வந்தால் ஹாட் லேபில் கலக்கிற வேலையே இல்லை, பட்டையும் 88-ம் இல்லை. அன்றைக்கு ஊட்டி வார்டைப் பற்றி நான் மறுபடி மாற்றிப் பேசுவேன்.

நவம்பர் 16, இரவு 9.50

ஒருவர் தன் பெரியப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் என்று எழுதியிருந்தார். அதற்கு வேறு பெப்டைடு மாதிரியான மூலக்கூறு, பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதத்தைத் தேடிப்போகும், லுடீசியம் அதே லுடீசியம்தான். 831 பேரை வைத்து நடந்த விஷன் ஆய்வு 2021-இல் வந்தது. மற்ற மருந்துகள் கைவிட்ட நிலையில் இடைநிலை ஆயுள் 11.3 மாதத்திலிருந்து 15.3 ஆனது. நாலு மாதம்தானா என்று அவர் கேட்டிருக்கிறார். ஆமாம், இடைநிலைக் கணக்கில் நாலு மாதம். வலி குறைந்து எழுந்து நடமாடியவர்களை நான் பார்த்திருக்கிறேன், ஒன்றும் கேட்காமல் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். பெரியப்பாவிடம் இரண்டையும் சொல்லுங்கள்.

ஆக்டினியம்-225 பற்றியும் கேட்டார்கள். ஆல்பா துகள், சில செல் தூரம்தான் போகும், அடி பலம். அரை ஆயுள் 9.9 நாள். ஆனால் அது சிதையும்போது கூட்டை விட்டு எகிறிப்போகும் சேய் அணுக்கள் வேறு எங்காவது போய்ச் சுடும். அது தவிர, உமிழ்நீர்ச் சுரப்பி வறண்டுபோனவர்களும் உண்டு. உலகத்தில் கிடைக்கும் அளவும் சொற்பம்.

ஒரு பழைய கதை, போன வாரம் எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள். பெக்ஸார் என்று ஒரு மருந்து, நிணநீர்ப் புற்றுநோய்க்கு, ஆன்டிபாடியில் அயோடின்-131 ஏற்றியது. 2003-இல் அமெரிக்காவில் அனுமதி. நன்றாக வேலை செய்தது. 2014-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள், கேட்பாரில்லை. புற்றுநோய் டாக்டர் தன் அறையில் கொடுக்க முடியாது, நியூக்ளியர் மெடிசினுக்கு அனுப்பவேண்டும், பலர் அனுப்பவில்லை. மருந்து கடைக்கோடி வரை வந்து, "அங்கே போய்ப் பாருங்கள்" என்று ஒரு சீட்டு எழுத ஆளில்லாமல் நின்றது. அம்மாவுக்கும் மூன்று வருடம் வராதது அந்தச் சீட்டுதான்.

நவம்பர் 19, காலை 5.40

குன்னூர் நண்பருக்கு, இனி உங்கள் மாமியார் விஷயம் மட்டும். பயாப்ஸி ரிப்போர்ட்டில் கி-67 என்று ஒரு சதவீதம் இருக்கும், கட்டி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று காட்டுவது, 3-க்குக் கீழா, 20-க்குள்ளா, மேலேயா என்று பாருங்கள். கேலியம் டோட்டாடேட் பெட் எடுத்தார்களா? அதில் கட்டி ஒளிராவிட்டால் இந்த ஊசி பயன்படாது, யார் சொன்னாலும் பணம் கட்டாதீர்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், ரத்தத் தட்டணுக்கள், இரண்டின் பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி என்று முடிவானால் எட்டு வாரத்துக்கு ஒன்றாக நாலு தடவை போகவேண்டும், நடுவில் ரத்தப் பரிசோதனைகளுக்கு மலை இறங்கவேண்டாம், குன்னூரிலேயே எடுத்து போனில் படம் அனுப்பினால் போதும் என்று டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். அம்மாவுக்கு நேற்று கோத்தகிரியிலேயே எடுத்தோம், தட்டணு 1,58,000. நாலாவது ஊசிக்குச் சம்மதம் வந்துவிட்டது.

செவ்வாய் அதிகாலை இறங்குகிறோம். மழையில் மரம் கிரம் விழுந்தால் குன்னூர் சுற்றிப் போகவேண்டும், அதற்காக ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப ஜீப்காரரிடம் சொல்லியிருக்கிறேன். கீழே லேபில் இப்போது இருக்கும் பெண்ணிடம் நேற்றே பேசினேன். பெட்டி திங்கட்கிழமை வருகிறது, பட்டை முடிவு வந்ததும் கூப்பிடுகிறேன் அக்கா, அப்புறம் அம்மாவுக்கு டிரிப் போட்டால் போதும் என்றாள்.